பெட்டிக்காரன் தலை

பதுளைக்கு ரயில் வந்தாயிற்று. வெள்ளைக்காரத் துரைமார் தின்கிற இறைச்சியும் ரொட்டியும் இப்போது லொறியில் ஏறித் தேயிலைத் தோட்டத்துக்குப் போகின்றன. லொறி ஓட்டுகிறவனைக் கண்டு யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. ஒரு காலத்தில் அதையெல்லாம் ஒரு மனிதன் தலையில் சுமந்து மலையேறினான் என்று சொன்னால், இங்கே கடைத்தெருவில் நிற்கிற இளவட்டங்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அந்த மனிதன் நான்தான். ஏழு வருஷம் சுமந்தேன். அதில் வெட்கப்பட்டது ஒரே ஒரு நாள், முதல் நாள்.

எனக்குக் கோபம் அதிகம். வாயும் அதிகம். இரண்டும் சேர்ந்துதான் என்னைப் பெட்டியில் கொண்டுபோய் மாட்டிவிட்டன.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுகிற கவ்வாத்து வேலையில் என் கத்திக்கு நல்ல பெயர். அதைவிடப் பெரிய பெருமை ஒன்று எனக்கு இருந்தது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கரகம் எடுக்கிறவன் நான். கடலுக்கு அக்கரையில் இந்தியாவிலிருந்து காட்டு வழியே நடந்து வந்த என் அப்பா முதலில் எடுத்தார். அவர் போன பிறகு அது என் தலைக்கு வந்தது. சித்திரைத் திருவிழாவில், வேப்பிலையும் பூவும் கட்டிய பித்தளைச் செம்பைத் தலையில் வைத்து, கையால் தொடாமல், நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயம் லயமாகப் போகவேண்டும். ஒவ்வொரு குடும்பத்தின் காம்பரா வாசலிலும் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவுவார்கள். மற்ற நாளெல்லாம் என்னை ‘டேய்’ என்று கூப்பிட்டு வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளையின் வீட்டு வாசலிலும் கழுவுவார்கள். அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டுதான் மிச்ச நாட்களை ஓட்டினேன். இதை ஒளித்துப் பயனில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலை, வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கு என் பெண்சாதி பிந்தி வந்தாள். ஆறு மாதம் அவளுக்கு. வழுக்குப் படியில் பார்த்துப் பார்த்து இறங்கி வந்திருக்கிறாள். கணக்கப்பிள்ளை அவள் வயிற்றைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னான். அதை நான் எழுதமாட்டேன். களத்தில் நின்ற அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

“ஐயா, என்னைய வையுங்க, வாங்கிக்கிறேன். அவளை இன்னொரு தடவ வஞ்சீங்க, நாக்கு இருக்காது.”

அவன் குடையை விரித்துக்கொண்டு நடந்தபோதே எனக்குத் தெரியும், ஏதோ வைத்திருக்கிறான் என்று. மறுநாள் பெரட்டில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னான்.

“ரொம்பத் துள்ளுறான்ல? திங்கக்கெழமையிலேருந்து இவன்தான்டா பெட்டி.”

பெட்டி என்றால் இறைச்சிப் பெட்டி. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஒருவன் விடியற்காலையில் வெறும் பெட்டியோடு பண்டாரவளைக்கு இறங்கி, ரயிலில் வந்த தபாலையும், ரொட்டியையும், மாட்டிறைச்சியையும் வாங்கிப் பூட்டிக்கொண்டு வந்து துரை பங்களாவில் இறக்கவேண்டும். கும்பிடுகிற மாட்டை வெட்டிக் கூறுபோட்டுத் தலையில் வைப்பதா? அதனால் அந்த வேலைக்கு யாரும் வரமாட்டார்கள். முன்பு சுமந்தவன் கொஸ்லந்தப் பக்கம் ஓடிப்போய் ஒரு மாதமாகப் பெட்டி ஆள் மாறி ஆள் மாறிப் போய்க்கொண்டிருந்தது. மாட்டேன் என்றால் தோட்டத்தை விட்டுப் போகவேண்டியதுதான். அந்த மழையில், ஆறு மாத வயிற்றுக்காரியை எந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு போவேன்? சரி என்றேன்.

அன்று சாயந்தரமே, தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கங்காணி ஆள் விட்டுக் கூப்பிட்டார். கோயில் காரியமெல்லாம் அவர் சொற்படிதான். கெட்டவர் இல்லை.

“வருத்தப்படாத தம்பி. மாட்டுக்கறி சொமக்குற தலையில அம்மாளை எப்படித் தூக்கி வைக்கிறது? சித்திரைக்கு வேற ஆளப் பாத்துக்குறோம்.”

அப்போதுதான் கணக்கப்பிள்ளையின் கணக்கு எனக்குப் புரிந்தது. அவன் என் தலையில் ஏற்றியது பெட்டியை அல்ல. என் தலையிலிருந்து கரகத்தை இறக்கியிருக்கிறான். கவ்வாத்துக் கத்தி கூரையில் செருகியிருந்தது. அதை ஒரு தரம் பார்த்தேன். பிறகு வேறு பக்கம் பார்த்தேன்.

பெட்டிக்காரனுக்கென்று ஒரு வழி இருந்தது. வண்டிப் பாதையில் லயங்களுக்கு முன்னால் அவன் வரக்கூடாது. பின்னால், பெண்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கும் கீழே, கழிவு ஓடுகிற ஓடையில் இறங்கித்தான் பங்களாவுக்கு ஏறவேண்டும். சட்டமெல்லாம் ஒன்றும் இல்லை, அப்படியே பழகிப்போயிருந்தது. முதல் நாள் நானும் ஓடையில்தான் இறங்கினேன். மேலே பீலியில் இரண்டு மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். கரகத்தோடு போன என் காலைக் கழுவிய பெண்கள். அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று தலையைக் குனிந்தேன். அவ்வளவுதான், பெட்டி முன்னால் சரிந்து, நான் பின்னால் சறுக்கி, இரண்டு பேரும் ஓடைச் சேற்றில் கிடந்தோம். தலைச்சுமைக்காரன் குனியக்கூடாது என்கிற சின்ன விஷயம்கூட அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

மேலே ஒருத்தி சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்தால் என்ன செய்வாள் பாவம். நான் பெட்டியைக் கழுவி, உடம்பெல்லாம் அட்டை ஒட்டிக்கொண்டிருக்கப் பங்களாவில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய் மூலையில் உட்கார்ந்துகொண்டேன். சோறு வேண்டாம் என்றேன். இந்தத் தோட்டமே வேண்டாம் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

என் பெண்சாதி என் முதுகில் ஒட்டியிருந்த அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். அவளுக்கு என்னைவிடக் கோபம் அதிகம், ஆனால் அடக்கி வைக்கத் தெரியும்.

“தலையில என்ன வைக்கணும்னு அவுக சொல்லிப்புட்டாக. சரி. தலையைக் குனியச் சொல்லி யாரு சொன்னா? நீங்களாத்தானே குனிஞ்சீங்க? விழுந்தீங்கள்ல, நல்லா வேணும்.”

எனக்குச் சுருக்கென்றது. அவளை நான்கு வார்த்தை திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. பெட்டியை அவன் கொடுத்தான். ஓடையை நான்தான் எடுத்துக்கொண்டேன். ‘சரி, சோத்தப் போடு’ என்றேன்.

புதன்கிழமை நான் எழுந்து குளித்து, கல்யாணத்துக்குக் கட்டிய வேட்டியைக் கட்டினேன். தலைப்பாகையைப் பிரித்து நல்ல சும்மாடாகச் சுற்றினேன். ஒரு தடியில் மாட்டுமணி ஒன்றைக் கட்டிக்கொண்டேன். திரும்பி வரும்போது ஓடையில் இறங்காமல், வண்டிப் பாதையிலேயே, லயங்களுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். கோயில் திருப்பம் வந்ததும் மட்டும் விலகி மேட்டுப் பாதையால் போனேன். அது யாருக்கும் பயந்து அல்ல. அம்மன் எனக்கும் அம்மன்தான், அவளுக்குச் செய்கிற மரியாதையை நானே செய்தேன்.

“பெட்டி வருது! பாக்கப் புடிக்காதவுக உள்ள போய்க்கிடுங்க!”

மணியை அடித்துக்கொண்டு இப்படிக் கத்திக்கொண்டு வந்தால் யார் என்ன செய்வார்கள்? படார் படார் என்று கதவு சாத்தினார்கள். கணக்கப்பிள்ளை வாசலில் நின்று பல்லைக் கடித்தான். வண்டிப் பாதையில் வரக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? இரண்டு வாரம் கதவு சாத்தினார்கள். மூன்றாவது வாரம் அடுத்த காம்பராக்காரி, சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்தே குரல் கொடுத்தாள்.

“ஏங்க பெட்டிக்காரரே, பண்டாரவளையில வெங்காயம் என்ன வெல விக்குது?”

நடுப்பாதையில் நின்று எனக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்தது. பெட்டி ஆடியது. பிறகு ஒருத்திக்குக் காய்ச்சல் மருந்து, ஒருத்திக்கு வளையல், ஒருவனுக்குப் புகையிலை. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். அக்கரையிலிருந்து வருகிற கடுதாசியைப் பெட்டி இறக்கிவிட்டுக் குளித்து வந்து படித்துக் காட்டுவேன். யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் சாவு, எல்லாம் என் வாயால்தான் அவர்கள் காதுக்குப் போயின. மாசிக்குள் என் மணிச் சத்தம் கேட்டால் கதவு திறக்க ஆரம்பித்தது. தையில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அந்த மணியை ஆட்டினால்தான் அது தூங்கும்.

ஆனால் கரகம் போனது போனதுதான். பங்குனி பிறந்ததும் வேறு லயத்து ஆள் ஒருவனுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். நல்ல பையன், அவன்மேல் எனக்குக் குறை இல்லை. அவன் வெறும் சட்டியைத் தலையில் வைத்துப் பழகுவதைத் தூரத்திலிருந்து பார்ப்பேன். இடது தோளைச் சாய்க்கிறானே என்று கை பரபரக்கும். போய்ச் சொல்லிக்கொடுக்க மனசு வராமல் திரும்பிவிடுவேன். அந்த அளவுக்கு நான் பெரிய மனிதன் இல்லை.

திருவிழா வெள்ளிக்கிழமை. அதற்கு முந்திய புதன்கிழமை நான் வழக்கம்போலப் பண்டாரவளையில் இறைச்சியை வாங்கிப் பூட்டிவிட்டு, மளிகைக் கடையில் பங்களாச் சாமான் சீட்டைக் கொடுத்தேன். சாமானெல்லாம் வந்தது. பிறகு கடை முதலாளி உள்ளே போய், புதுக் கோணிச் சாக்கில் வைக்கோல் சுற்றிய ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். கரகச் செம்பு. பழைய செம்பில் ஓட்டை விழுந்து, புதுசுக்கு மதுரைக்குச் சொல்லியிருந்தார்கள். அது அன்றைக்குத்தான் ரயிலில் வந்திருக்கிறது.

“மொதலாளி, இத நான் தூக்கக்கூடாதுங்க. நான் பெட்டிக்காரன்.”

“பெட்டிக்காரன்கிட்டக் குடுக்கச் சொல்லித்தானேப்பா எழுதியிருக்கு? இந்தா பாரு.”

வாங்கிப் பார்த்தேன். கணக்கப்பிள்ளையின் கையெழுத்து. கோயில் சாமானுக்கும் சீட்டு எழுதுகிறவன் அவன்தான். ‘கரகச் செம்பு ஒன்று, பெட்டிக்காரன் வசம் கொடுத்தனுப்பவும்.’ வாரம் மூன்று தரம் பங்களாவுக்குச் சீட்டு எழுதி எழுதிப் பழகிய கை, அம்மன் சீட்டிலும் அதையே எழுதிவிட்டது! கடை வாசலில் நின்று நான் கைகொட்டிச் சிரித்தேன். முதலாளி பயந்துபோனார். சீட்டை மடித்துத் தகர டப்பியில் அடைத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். மாட்டினியா மகனே என்று நினைத்தேன். பெரிய கங்காணி முன்னால் இந்தச் சீட்டைப் பிரித்தால், கோயில் வாசலை மிதிக்க அவனுக்குத்தான் முகம் இருக்காது. கரகம் தானாக என் தலைக்குத் திரும்பும்.

சரி, அதை அப்புறம் பார்க்கலாம். செம்பை எப்படிக் கொண்டுபோவது? பெட்டி மூலையில் இறைச்சி ரத்தம் ஒழுகும். தலையில் பெட்டியும் நெஞ்சில் செம்புமாக நடந்தால், ஒழுகுகிறது நேராகச் செம்பில்தான் விழும். விழுந்தால் யாருக்குத் தெரியப்போகிறது, சாக்குத்தானே என்று ஒரு நினைப்பு வந்தது. உள்ளதைச் சொல்கிறேன். வந்தது, வந்தவுடனே எனக்கே என்மேல் அருவருப்பாகிவிட்டது.

ஆகையால் இப்படிச் செய்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு வளைவு போய், பாதையோர மேட்டில் இறக்குவேன். திரும்பி வந்து, ஓடைத் தண்ணீரைத் தலையில் ஊற்றி, கைகால் கழுவி, செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெட்டியைத் தாண்டி அடுத்த வளைவுக்குப் போவேன். அங்கே பாறைமேல் இலை பரப்பி வைத்துவிட்டு மறுபடி பெட்டிக்கு. ஒரு வழியை மூன்று வழியாக நடந்தேன். மலை முழுக்க அப்படித்தான். பாதி தூரத்துக்குமேல் தலைக்கு ஊற்றுவதை விட்டுவிட்டேன், குளிரில் பல் கிட்டித்துக்கொண்டது. அம்மாள் பொறுத்துக்கொள்வாள்.

வழியில் தெரிந்த சிங்கள வண்டிக்காரன் ஒருவன் மாட்டை நிறுத்தினான். நான் எதையோ இறக்குவதும் திரும்பி ஓடுவதும் எதையோ தூக்கி வருவதுமாக இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஒனக்குப் பிஸ்ஸுவா?” என்றான். பைத்தியமா என்று அர்த்தம். விஷயத்தைச் சொன்னேன். ஒன்றை வண்டியில் ஏற்று என்றான். பெட்டியை வேறொருவன் கையில் விட்டால் எனக்கு வேலை போகும். செம்பை ஏற்றலாம் என்றால் வண்டி நிறையக் கருவாட்டு மூட்டை. இரண்டு பேரும் அந்தக் கருவாட்டைப் பார்த்தோம், ஒருவரை ஒருவர் பார்த்தோம், சிரித்தோம். அவன் எனக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறான்.

பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் பங்களாவில் பெட்டியை இறக்கினேன். துரை அன்றைக்குக் கோழி சாப்பிட்டாராம். சமையல்காரர் என்னைத் திட்டிய திட்டை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, பீலியில் குளித்து, ஈர வேட்டியோடு செம்பை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பெரிய கங்காணி நின்றிருந்தார். பக்கத்தில் கணக்கப்பிள்ளை. சுற்றிலும் பாதித் தோட்டம்.

“ரெண்டும் ஒண்ணாவா வந்துச்சு?” என்று கேட்டார் பெரிய கங்காணி.

“இல்லீங்க. ரெண்டும் என்கூட வந்துச்சு. ஒண்ணோட ஒண்ணு வரல.”

வண்டிக்காரன் சொன்னதை அங்கே எல்லோரும் முன்பே கேட்டிருந்தார்கள். பெரிய கங்காணி செம்பை வாங்கி மஞ்சள் தண்ணீரில் கழுவக் கொடுத்தார். பிறகு, “ஒங்கிட்டக் குடுக்கச் சொல்லி எவன் எழுதுனது?” என்றார்.

கணக்கப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. முகம் வெளுத்துவிட்டது. என் கை இடுப்புக்குப் போனது. என் கை இடுப்புக்குப் போனது. ஐப்பசியிலிருந்து இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் நான் காத்திருந்தேன் என்று நினைத்தேன். டப்பியைத் தொட்டதும் ஒன்று தோன்றியது. இந்த ஆளை இந்த வாசலில் நாறடித்து வாங்குகிற கரகத்தை வைத்துக்கொண்டு, எந்த முகத்தோடு வாசல் வாசலாகக் காலை நீட்டுவேன்? பெட்டியைக் கொடுத்து என்னைக் குனிய வைக்கப் பார்த்தான், முடியவில்லை. இப்போது நானும் அவனைப் போலவே ஆகிவிட்டால் அவன் ஜெயித்த மாதிரி ஆகாதா?

“கடைக்காரரு கையில குடுத்தாருங்க, கொண்டாந்தேன். வேற ஒண்ணும் தெரியாதுங்க.”

கூட்டம் கலைந்த பிறகு கணக்கப்பிள்ளை பக்கத்தில் போய், மடித்த சீட்டை அவன் கையில் வைத்தேன். “ஐயா, உங்க சீட்டு,” என்றேன். வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் வாயில் என்னைப் பார்த்து ‘டேய்’ வந்ததில்லை. ‘இந்தாப்பா’ என்பான். அந்தப் ‘பா’ அவனுக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் இனிக்கிறது.

வெள்ளிக்கிழமை திருவிழா. துரைக்குத் திருவிழா ஏது? பெட்டி போயே ஆகவேண்டும். போனேன். திரும்பி வருகிறபோது உச்சி வெயில். தூரத்திலேயே தப்புச் சத்தம் கேட்டது. கரகம் எங்கள் லயத்துக்கு வந்துவிட்டது. திருப்பத்தில் விலகி, தேயிலைக்குள் நின்றுகொண்டேன். மணியைக் கையால் பொத்திக்கொண்டேன். பையன் நன்றாகத்தான் எடுத்தான். இடது தோளை அப்போதும் சாய்த்தான். என் வாசலில் என் பெண்சாதி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, குனிந்து அவன் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஆறு மாதமாகப் போட்ட கூச்சலும் மணியும் வெள்ளை வேட்டியும் எல்லாம் அந்த இடத்தில் ஒன்றுமில்லாமல் போய்விட்டன. பெட்டிக்கு அடியில் நின்று அழுதேன். கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை, ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் மணி.

தப்புச் சத்தம் அடுத்த லயத்துக்கு நகர்ந்தது. நான் மூச்சை இழுத்துக்கொண்டு மணியை அடித்தேன். “பெட்டி வருது!” பாதைக்கு ஏறி நடந்தேன். ஊர்வலத்தைப் பார்த்த பெண்கள் எல்லோரும் இன்னும் வாசலில்தான் நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை. என் காம்பராவுக்கு நேரே வந்ததும் என் பெண்சாதி பாதையில் குறுக்கே வந்து நின்றாள்.

“நில்லுங்க.”

குழந்தையை அடுத்த காம்பராக்காரியிடம் கொடுத்திருந்தாள். அவள் கையில் அதே குடம். பாதித் தண்ணீர் மிச்சம் வைத்திருக்கிறாள். அத்தனை பேர் பார்க்க, மாட்டிறைச்சிப் பெட்டி தலையில் இருக்க, அவள் என் காலடியில் உட்கார்ந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். முதலில் வலது கால், பிறகு இடது. கரகத்துக்குக் கழுவுகிற முறையிலேயே கழுவினாள்.

அடுத்த சித்திரையில் பெரிய கங்காணி என்னைக் கூப்பிட்டனுப்பினார். ‘ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு தொடாமக் கொண்டாந்தவன்தானே நீ’ என்றார். பெட்டியும் என் தலையில், கரகமும் என் தலையில் என்று ஆறு வருஷம் எடுத்தேன். எத்தனையோ வாசலில் என் காலைக் கழுவியிருக்கிறார்கள். எதுவும் எனக்கு ஞாபகமில்லை. இந்த ஒன்றுதான் ஞாபகமிருக்கிறது. அதிலும் அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. குனிந்து பார்க்கத் துடித்தேன். தலையில் பெட்டி இருந்தது, குனிய முடியாது. நேரே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலில் விழுந்த தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

“ம், போங்க. பங்களாவுல பாத்துக்கிட்டு இருப்பாக,” என்றாள்.

நான் மணியை அடித்துக்கொண்டு நடந்தேன்.